முப்பத்தெட்டு நாள் ஓட்டிய கார்

அவர் கையிலிருந்து முதலில் நழுவியது ஒரு ஸ்பேனர். அலுவலகக் கட்டடம் ஒன்றில் ஏழாவது மாடி உயரத்தில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று ஒரு போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். பிடித்திருந்த ஸ்பேனர் திடீரென்று கையில் இல்லை. விட்டுவிட்டோம் என்ற உணர்வுகூட வரவில்லை. அது சுவரில் இடித்து இடித்துக் கீழே போய், அடித்தளத்தில் குனிந்திருந்த உடன்வேலைக்காரரின் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

"யோவ், ஆளைக் கொல்லப் பாக்குறியா?" என்று கீழிருந்து சத்தம் வந்தது.

"வழுக்கிருச்சுப்பா. எண்ணெய்க் கை."

கையில் எண்ணெய் இல்லை. இருபத்தேழு வருட வேலையில் அவர் ஒரு திருகாணியைக்கூடக் கீழே போட்டவர் இல்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து வலது கையைப் பார்த்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை இருக்க வேண்டிய இடம் குழிந்து கிடந்தது.

எங்கள் குடியிருப்பில் அவருக்குப் பெயரே லிஃப்ட்காரர்தான். மூன்றாவது மாடியில் மனைவியோடும் மகளோடும் இருந்தார். மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். மகள் போன் கம்பெனி ஒன்றில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலையில் இருந்தாள். நான் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவரை அண்ணே என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவேன். இங்கே எழுதுவதில் பாதி, அவர்கள் இருவரும் பிற்பாடு என்னிடம் சொன்னது. மீதி நான் பார்த்தது. நான் செய்ததும் கொஞ்சம் உண்டு.

ஆஸ்பத்திரிக்கு அவர் தனியாகத்தான் போனார். கையிலும் காலிலும் ஊசியைக் குத்தி ஏதோ மெஷினில் பார்த்தார்கள். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர். ரிப்போர்ட்டைப் பிரிக்காமலே கேட்டார்.

"வீட்ல இருந்து யாராவது வந்திருக்காங்களா?"

"இல்ல சார். எதுவா இருந்தாலும் என்கிட்டயே சொல்லுங்க."

டாக்டர் சொன்னார். சதையை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. ஏன் என்று தெரியாது. நிறுத்த வழியில்லை. முதலில் கை, பிறகு கால், பிறகு பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு.

லிஃப்ட்டைப் பற்றிக் கேட்பதுபோலவே அவர் கேட்டிருக்கிறார். "மாத்துறதுக்கு பார்ட் எதுவும் இல்லையா சார்?"

"இல்லீங்க."

"கை எவ்வளவு நாள் ஓடும்?"

"ஆறு மாசம். ஒரு வருஷம்னாலும் ஆச்சரியமில்ல. மூளை மட்டும் கடைசி வரைக்கும் நல்லா இருக்கும்."

"அதுதான் சார் கஷ்டம்," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போகிற பஸ் ஆறு முறை வந்து போனது. ஏழாவதாக, வீட்டுக்கு நேர் எதிர்த்திசையில் போகிற பஸ் வந்தது. அதில் ஏறினார். ஏன் ஏறினோம் என்று இறங்கிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. முன்பு ஒருமுறை அவர் ஓட்டிப் பார்த்த ஒரு கார் நின்ற கட்டடத்துக்கு வந்திருந்தார்.

அது பதினான்கு மாடிக் கட்டடம். மேல் மாடியில் ஒரு துணி ஏற்றுமதிக்காரர் தாயோடு குடியிருந்தார். ஒருமுறை அந்தத் தாய் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டபோது, அண்ணன் லிஃப்ட்டின் கூரை வழியாக இறங்கி, பயத்தில் வாந்தி எடுத்த அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் பேச்சுக் கொடுத்தபடி இருந்து வெளியே கொண்டுவந்தார். ஏற்றுமதிக்காரர் பணத்தை நீட்டினார். அண்ணன் வாங்கவில்லை. "அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று அவர் கேட்க, அண்ணன் கூச்சத்தோடு கீழ்த்தளத்தில் நின்ற மஞ்சள் காரைக் காட்டி, "ஒரு தடவை அதுல உக்காந்து பாக்கணும் சார்," என்றார்.

இரண்டே கதவு. இடுப்பு உயரம்கூட இருக்காது. தரையோடு ஒட்டிப் படுத்த பூனை மாதிரி இருக்கும். அதைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் எனக்கு இன்றைக்கும் வாயில் நுழைவதில்லை. ஏற்றுமதிக்காரர் சாவியைக் கொடுத்து ஓட்டவே விட்டார். பார்க்கிங்குக்குள்ளேயே இரண்டு சுற்று. கியர் கம்பி வெறும் இரும்பு, உச்சியில் ஒரு உருண்டை. அதை உள்ளங்கையால் தள்ளும்போது டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். "நான் நினைக்கிறதுக்கும் அது செய்யிறதுக்கும் நடுவுல ஒரு மயிரிழை இடைவெளி இல்லப்பா" என்று அண்ணன் பின்னால் என்னிடம் சொன்னார்.

ஏற்றுமதிக்காரர் அந்தக் காரை அதிகம் ஓட்டியதில்லை. சாயங்காலம் வந்ததும் மேலே போகாமல், என்ஜினை அணைத்துவிட்டு அதற்குள்ளேயே ஒரு மணிநேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். மோட்டார் அறைக்குப் போகும் வழியில் அண்ணன் பல நாள் பார்த்திருக்கிறார். ஒருநாள் அவரே கண்ணாடியை இறக்கி, "ஊர்ல எல்லாரும் நான் பகட்டுக்கு வாங்கினேன்னு நினைக்கிறாங்க. இதுக்குள்ள இருக்குற வரைக்கும் எவனும் என்கிட்ட எதுவும் கேக்க முடியாது, அவ்வளவுதான்," என்றாராம்.

பிறகு அவர் இறந்துபோனார். ஒரு பெருமழையில் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து கார் என்ஜின் வரை மூழ்கியது. நாலு வருடமாக உறை போட்டபடி கிடந்தது. இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று வாரிசுகள் புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் உறையைத் தூக்கிப் பார்த்தார். மஞ்சள் அப்படியே இருந்தது.

ஒரே மாதத்தில் வாங்கும் காரியத்தை முடித்தார். மகள் பெயரில் வாங்கலாம் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் தன் பெயரிலேயே வாங்கிப் போட்டிருந்த மனை ஒன்று நகரத்துக்கு வெளியே இருந்தது. அதைக் காதும் காதும் வைத்தாற்போல் விற்றார். பாதியை மகள் பெயரில் வங்கியில் போட்டார். மீதிப் பாதிக்கு அந்தச் செத்த காரை வாங்கினார். வேலை முடிந்ததும் அந்தக் கீழ்த்தளத்துக்கே போய், தெரிந்த ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஐந்தாறு மாதம் என்ஜினைப் பிரித்துச் சேர்த்தார். வலது கையில் பிடி குறையக் குறைய இடது கைக்கு வேலையை மாற்றினார். கடைசி இரண்டு வாரம் ஸ்பேனரைத் துணியால் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு முடுக்கியிருக்கிறார். எலெக்ட்ரீஷியன் கேட்டதற்கு சுளுக்கு என்று சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அது எங்கள் தெருவுக்குள் வந்தது. வண்டியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே என் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. தெருவே வாசலுக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கதவு மேல்நோக்கித் திறந்து, உள்ளிருந்து நம் லிஃப்ட்காரர், அதே சாம்பல் நிற கம்பெனிச் சட்டையோடு, தவழ்ந்து எழுவதுபோல் வெளியே வந்தார்.

"யாரு வண்டிண்ணே? ரிப்பேருக்கு வந்ததா?" என்று கேட்டேன்.

"என் வண்டிப்பா."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அன்று மூன்றாவது மாடியில் நடந்தது கீழே எனக்கே கேட்டது. அண்ணியின் தம்பி மத்தியானமே வந்து இறங்கிவிட்டார்.

"மாமா, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? பொண்ணுக்குன்னு வச்ச மனையை வித்து பொம்மை வாங்கிட்டு வந்து நிக்கிறீங்க?"

"அவ பங்கு வங்கியில இருக்கு."

"மீதி யாரு பங்கு? எங்கக்கா இருபது வருஷமா ஒரே கைப்பையைத் தூக்கிட்டு வேலைக்குப் போறா. அது தெரியுதா உங்களுக்கு?"

அண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏங்க, வேற யாராவது இருக்காங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குங்க?"

அவர் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். மகள் மட்டும் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அப்பா இருக்கும் அறையில் அவள் இருப்பதில்லை. அவர் உள்ளே வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

வெளியில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். லாட்டரி என்றார் ஒருவர். கடத்தல் என்றார் இன்னொருவர். ஐம்பது வயதில் ஆண்களுக்கு வருகிற கிறுக்கு, டை அடிப்பார்கள், இவர் கார் வாங்கியிருக்கிறார் என்றார் முதல் மாடி டீச்சர். லிஃப்ட்காரர் என்ற பெயர் போய் மகாராஜா ஆனார். "மகாராஜா கிளம்பிட்டாரு, வழி விடுங்கப்பா" என்று அவர் காதுபடவே சொல்வோம். சொல்வோம் என்றுதான் எழுத வேண்டும். அந்தப் பெயரை வைத்தவனே நான்தான்.

தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு மணிநேரம் ஓட்டப் போவார். ஒருநாள் என் கடை முன் நிறுத்தி, "வாயேன், புறவழிச்சாலை வரைக்கும் போய்ட்டு வரலாம்," என்றார். சரி என்ற சொல் நாக்கின் நுனி வரை வந்தது எனக்கு. "கடையை யாரு பாத்துக்கறது? உங்களை மாதிரி நாங்க சும்மாவா இருக்கோம்," என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரம்தான் அதைச் செய்தேன். இன்றைக்கும் அதற்கு நேரான காரணம் சொல்ல வரவில்லை. என் ஸ்கூட்டர் பழையது. என் மனைவி ஜன்னல் வழியாக அந்தக் காரைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள், எதுவும் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லாததுதான் குத்தியது. மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம், அவருடைய கம்பெனிக்குப் பெயரில்லாமல் ஒரு கடிதம் அடித்தேன். உங்கள் மெக்கானிக் வருமானத்துக்கு மீறி வாழ்கிறார், கட்டடங்களில் மாற்றும் செம்புக் கம்பியும் மோட்டார் பாகங்களும் எங்கே போகின்றன என்று விசாரிக்கவும். நான்கே வரி. என் மெஷினிலேயே அச்சிட்டு, தபால் தலை ஒட்டிப் போட்டேன்.

பத்து நாளில் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணை முடியும் வரை சம்பளம் இல்லை. கம்பெனியின் மருத்துவச் சலுகையும் கிடையாது. வேறு யாராக இருந்தாலும் நானே ராஜினாமா செய்கிறேன் என்று போயிருப்பார்கள், எப்படியும் வேலை செய்ய முடியாத கைதான். ஆனால் திருடன் என்ற பெயரோடு போக அவர் சம்மதிக்கவில்லை. நான் திருடவில்லை என்று எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். பேனா பிடிக்க வரவில்லை. "எழுத மறுக்கிறார்" என்று குறித்துக்கொண்டார்கள்.

வேலை போன பிறகும் காலையில் சீருடை போட்டுக்கொண்டு காரில் கிளம்பினார். வீட்டில் சொல்லவில்லை. இப்போது ஒரு மணிநேரமில்லை, பகல் முழுக்க. முப்பத்தெட்டாவது நாள் அது முடிந்தது.

காலை ஒன்பதரை மணி. பேப்பர் கட்டு வாங்க நான் மேம்பாலம் வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் அசையாமல் நின்றன. ஹாரன் காதைப் பிளந்தது. ஸ்கூட்டரைச் சந்து பொந்தில் நுழைத்து முன்னால் போனால், எல்லாவற்றுக்கும் தலைமாட்டில் அந்த மஞ்சள் கார். நின்றுபோயிருந்தது. கண்ணாடிகள் மூடியிருந்தன. உள்ளே அவர் நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சுற்றிலும் இருபது முப்பது பேர்.

"இறங்குடா! கோடீஸ்வரன்னா ரோடு உங்கப்பன் வீட்டுதா?"

"பாரு, திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறான். திமிரைப் பாரு."

"வீடியோ எடு, வீடியோ எடு."

ஒருவன் கூரையில் அறைந்தான். இன்னொருவன் பாட்டில் தண்ணீரைக் கண்ணாடிமேல் ஊற்றினான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, மறைப்பதற்கில்லை. நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன்.

அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. வலது கை கதவுக் கைப்பிடிமேல் கிடந்தது. பிடித்திருக்கவில்லை, வைத்த பொருள்போல் கிடந்தது. விரல்கள் மடங்கவில்லை. நான் பார்க்கும்போதே முழங்கையை அந்தக் கைப்பிடிக்குள் கொடுத்து இழுக்கப் பார்த்தார். அது நழுவியது. பிறகு குனிந்து பல்லால் கவ்வப் பார்த்தார். சீட் பெல்ட் அவரைப் பின்னுக்கு இழுத்தது. வெளியில் இருந்தவர்கள், "மூஞ்சியை மறைக்கிறான்டா," என்று சிரித்தார்கள்.

என்னைப் பார்த்துவிட்டார். வாய் அசைந்தது. சத்தம் கேட்கவில்லை. "கை," என்றார். மறுபடியும், "கை."

"அவரால திறக்க முடியலய்யா! உடம்பு சரியில்ல!" என்று கத்தினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "குடிச்சிருப்பான்" என்றது ஒரு குரல். பின்னால் நின்ற பஸ்ஸின் டிரைவர், பெருத்த உடம்புக்காரர், டயர் கழற்றும் கம்பியோடு கோபமாக வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, கண்ணாடியை உடைங்க, உள்ள மாட்டிக்கிட்டாரு," என்று கெஞ்சினேன். அவர் உள்ளே பார்த்தார். அடுத்த நொடி மறுபக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டார்.

இருவரும் சேர்ந்து அவரை வெளியே இழுத்தோம். இடது காலும் நிற்கவில்லை. கிளட்ச்சை மிதிக்க முடியாமல்தான் ஏற்றத்தில் வண்டி நின்றிருக்கிறது. மறுபடி கிளப்பிக் கிளப்பி பேட்டரியும் செத்துவிட்டது. கண்ணாடி இறங்கவில்லை. பாலத்துத் தடுப்புச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, பஸ் டிரைவர் தன் பாட்டிலைத் திறந்து வாயில் ஊற்றினார்.

"ஐயா, இந்த நெலமையில எதுக்குங்க இந்த வண்டி?" என்று கேட்டார் அந்த மனிதர்.

அண்ணன் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அந்த வீடியோ மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. "சாலையை மறித்த பணக்காரத் திமிர்" என்று தலைப்பு. கண்ணாடி உடைவதற்கு முன்பே வெட்டியிருந்தார்கள். மகள் வேலை பார்க்கும் இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரி சிரித்துக்கொண்டே போனை நீட்டி, "இந்த ஆளைப் பாருடி," என்றிருக்கிறாள். மகள் பார்த்தாள். அப்பா பல்லால் கதவைத் திறக்க முயல்வதை வீடியோவைப் பார்த்தவர்களில் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

நான்தான் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அண்ணியைப் பள்ளிக்கூடத்திலிருந்து வரவழைத்தோம். அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் இருந்த ஆஸ்பத்திரிக் கவரை எடுத்துவரச் சொன்னார். அண்ணி நின்றபடியே படித்தார். ஒவ்வொரு தாளாகப் படித்து, மறுபடி கவருக்குள் வைத்தார்.

"எட்டு மாசம்," என்றார். "எட்டு மாசமா என்கிட்ட சொல்லாம ஒரு இரும்புகிட்ட போய்ச் சொல்லியிருக்கீங்க."

"சொன்னா நீ என்னை நோயாளியாப் பாப்ப."

"பாக்காம? வேற எப்படிப் பாக்கணும்?"

"எப்படியும் பாக்கத்தான் போற. கடைசி வரைக்கும் அதான். அதுக்கு முன்னாடி கொஞ்ச நாள்... எல்லாரும் திட்டட்டுமேன்னு இருந்துச்சு. பாவம்னு சொல்றதுக்குத் திமிர் பிடிச்சவன்னு சொல்றது தேவல."

"நான் உங்களைச் சந்தேகப்பட்டேன். ராத்திரியெல்லாம் உங்க சட்டையை மோந்து மோந்து பாத்தேன். அது தேவலையா?"

அண்ணி கவரால் அவர் தோளில் அடித்தார். ஒருமுறை, இரண்டுமுறை. மூன்றாவது அடியில் கவர் கிழிந்து தாள்கள் தரையில் சிதறின. வாசலில் வந்து நின்ற மகள் அவற்றைப் பொறுக்க உட்கார்ந்தாள். பொறுக்கிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சொல்லாமல் கொள்ளாமல் கீழே இறங்கி வந்தேன்.

மூன்று நாள் கடை திறக்கவில்லை. நான்காவது நாள் மேலே போய் அண்ணியிடம் சொன்னேன். கம்பெனிக்கு அந்தக் கடிதத்தை எழுதியது நான் என்று.

அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "தெரியும்," என்றார். "நேத்து கம்பெனிக்குப் போய்க் கேட்டப்ப அதைக் காட்டினாங்க. தாள் ஓரத்துல மேலயிருந்து கீழ ஒரு கறுப்புக் கோடு. உங்க கடையில எடுத்த என் ஸ்கூல் பேப்பர் எல்லாத்துலயும் அதே கோடு இருக்கு."

"அண்ணி, நான்..."

"மன்னிப்பு கேட்டு வராதீங்க. அதைக் கொடுக்குற அளவுக்கு இப்ப எங்கிட்ட தெம்பு இல்ல. காலையில அவரைக் கட்டில்லருந்து நாற்காலிக்கு மாத்தணும். என்னால தூக்க முடியல. ஆறரைக்கு வாங்க."

போனேன். மறுநாளும் போனேன்.

கம்பெனிக்கும் போய் நானே எழுதிக்கொடுத்தேன், எல்லாம் பொய் என்று. விசாரணையை மூட அவர்களுக்கு இன்னும் மூன்று மாதம் ஆனது. மருத்துவச் சலுகை கிடைத்தபோது அவருக்கு இரண்டு கையும் போயிருந்தது, பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. அந்த மூன்று மாதத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

குடியிருப்பே மாறிவிட்டது. மகாராஜா என்று சொன்ன வாயெல்லாம் பாவம் என்றது. பழப் பையோடு வந்தார்கள். முதல் மாடி டீச்சர் அவர் கன்னத்தைத் தடவிவிட்டு, குழந்தையிடம் பேசுவதுபோல, "சாப்டீங்களா?" என்று ராகம் போட்டுக் கேட்டார். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தம்மா போன பிறகு என்னிடம், ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளி, "கதவைச் சாத்து," என்றார்.

மூச்சு மெஷின் வாங்க வேண்டி வந்தபோது காரை விற்றார்கள். வாங்க வந்தவன் முப்பது வயதுக்குள் இருப்பான். அண்ணி விலையில் ஒரு காசு இறங்கவில்லை. நாற்காலியோடு அண்ணனைக் கீழே கொண்டுவந்து வெயிலில் நிறுத்தினோம். பையன் என்ஜினைக் கிளப்பினான், அதிர்வு தரை வழியாக நாற்காலிக்கு ஏறியது. அண்ணனின் தலை லேசாக ஆடியது. கழுத்தும் பலமிழந்துவிட்டதால் ஆடியதா, அவராக ஆட்டினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பையன் இறங்கி வந்து மரியாதையாகக் கேட்டான். "சார், நீங்க இதை எதுக்கு வாங்குனீங்க? முதலீடா? இல்ல..."

அண்ணனால் பதில் சொல்ல முடியவில்லை. அண்ணி சொன்னார். "அவருக்குப் பிடிச்சிருந்துச்சு. நீங்க?"

அவன் தயங்கினான். "எங்க ஆபீஸ்ல எல்லாரும்... ஒரு லெவலுக்கு வந்துட்டா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போனான்.

பதினான்கு மாதம் காலை ஆறரைக்கு அந்த வீட்டுக்குப் போனேன். தூக்கும்போது அவர் எடை வாரத்துக்கு வாரம் குறைவது என் கைக்குத் தெரியும். மகள் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு பகலில் கூட இருந்தாள். சோற்றைக் கூழாக அரைத்து ஊட்டுவாள். ஒரு கரண்டி இறங்கப் பத்து நிமிடமாகும். சில நாள் புரை ஏறி முகம் நீலமாகும். அப்போது மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். பேச்சு முற்றிலும் நின்றபிறகு எழுத்து அட்டையைக் காட்டுவோம். நாங்கள் விரலை ஓட்ட, வேண்டிய எழுத்து வந்ததும் கண்ணை மூடித் திறப்பார்.

ஒருநாள் அண்ணி குளிக்கப் போயிருந்தபோது கண்ணாலேயே என்னைக் கூப்பிட்டு அட்டை வழியாகக் கேட்டார். "ஏன் எழுதின?"

எதைக் கேட்கிறார் என்று புரிந்தது, அண்ணி சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "பொறாமைண்ணே," என்றேன். "வயித்தெரிச்சல். வேற ஒண்ணுமில்ல."

அவர் மார்பு குலுங்கியது. புரை ஏறிவிட்டது என்று பயந்து தலையைத் தூக்கினேன். சிரித்துக்கொண்டிருந்தார். அடங்கியதும் அட்டையைப் பார்த்தார். அடுத்த வரிக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது.

"அதுக்கு முன்னாடி யாரும் என்னைப் பாத்துப் பொறாமைப் பட்டதில்ல."

நான் அட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

கடைசி மாதம் ஜன்னலை நோக்கித் திருப்பிவிடச் சொல்வார். தெருவில் போகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று மகள் சொல்வாள். அண்ணிக்கு அதில் நம்பிக்கையில்லை. "அவரு எங்களைப் பாக்கக்கூடாதுன்னு திரும்பிக்கிறாரு," என்பார். அட்டையைக் காட்டிக் கேட்டிருக்கலாம். ஏனோ யாரும் கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல் ஆறரைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. மூச்சு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மார்பும் சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மகள் சுவரோரம் நின்றாள். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைத் தன் மடியில் வைத்திருந்தார்.

"தூக்கட்டுமா அண்ணி?" என்றேன்.

"வேண்டாம்," என்றார். "கை ஜில்லுனு இருக்கு. அது ஊதுது, அவரு இல்ல."

மெஷினை அணைக்க நான் கையை நீட்டினேன். அண்ணி தடுத்தார். எந்தப் பொத்தான் என்று அவருக்குத் தெரியும், பல மாதமாகத் தினமும் அழுத்திக்கொண்டிருப்பது. இருந்தும் கால்மணி நேரம் அப்படியே உட்கார்ந்து அந்த மார்பு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளைப் பக்கத்தில் வரச் சொல்லிவிட்டு, தானே அணைத்தார்.